இரவல் அழுகை

நவநீதன் முதன்முதலாக டீக்கடையில் அழுதபோது, முகத்தைப் பார்த்தே சர்க்கரை அளவைத் தீர்மானிக்கிற அந்தக் கடை இயந்திரம்கூடக் கொஞ்சம் திகைத்துத்தான் போனது. அவனுக்குக் கலந்த டீயைப் பக்கத்தில் நின்ற சர்க்கரை வியாதிக்காரருக்கு நீட்டிவிட்டது. அவரும் ஆட்சேபிக்காமல் வாங்கிக் குடித்துவிட்டார். கூடி நின்ற யாரும் நவநீதனிடம் என்ன ஏது என்று கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை. அவன் பிடரியில், காலருக்குச் சற்று மேலே, ஐந்து ரூபாய் நாணயம் அகலத்துக்குத் தோல் நிறத்தில் ஒன்று ஒட்டியிருந்தது.

“அவனெங்க அழுகறான்? அவன் பொண்டாட்டி அழுகறா, இவன் கண்ணு வழியா வருது” என்று இஸ்திரிக் கடைக்காரர் மற்றவர்களுக்கு விளக்கினார்.

ஆஸ்பத்திரிக்காரர்கள் அதற்குப் பகிர்வுப் பட்டை என்று பெயர் வைத்திருந்தார்கள். திருப்பூர் வாய்க்கு அது நீளமாக இருந்ததால் ‘ஒட்டு’ ஆகிவிட்டது. கரு கலைந்த வீடுகளுக்கு மட்டும் கொடுப்பார்கள். பெண்டாட்டிக்கு ஒன்று, புருசனுக்கு ஒன்று. இவள் உடம்பில் ஏறுகிற படபடப்பும் சோர்வும் பாதி அவனுக்குப் போகும், அவனுடையது பாதி இவளுக்கு வரும். ஒரு மண்டலம் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். குழந்தை போன வீட்டில் ஆம்பிளை பாட்டுக்கு மறுநாளே வேலைக்குப் போய்விடுகிறான், பொம்பிளை சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாள், ஒரு வருசத்தில் ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் என்று எங்கேயோ கணக்கெடுத்துக் கண்டுபிடித்திருந்தார்கள். அதற்கு வைத்தியம் இது.

டீக்கடைச் சேதி, நவநீதன் கண்ணைத் துடைத்து முடிப்பதற்குள் எதிர்வீட்டு ருக்குமணியக்கா மூலமாகக் கோகிலவாணிக்கு வந்து சேர்ந்தது. கோகிலா அப்போது அரிசி களைந்துகொண்டிருந்தாள். கேட்டதும் சந்தோசப்பட்டிருக்க வேண்டும். தன் பாரத்தில் பாதியைப் புருசன் சுமக்கிறான், அதுவும் ஊரறிய. ஆனால் அவளுக்கு முகம் ஜிவ்வென்று சுட்டது. தலை தானாகக் குனிந்தது. ருக்குமணியக்காவின் கண்ணைப் பார்க்க முடியாமல் அரிசிக் கழுநீரைப் பார்த்துக்கொண்டே, “அப்படீங்களாக்கா” என்று மட்டும் சொன்னாள்.

ருக்குமணியக்கா அந்தத் தலைக்குனிவை அப்படியே மனசில் மடித்து எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

உண்மையைச் சொல்லப்போனால் கோகிலாவுக்கு அழுகை நின்று ஒரு வாரம் ஆகியிருந்தது. ஒட்டு போடும் முன்பு அழுதுகொண்டேதான் இருந்தாள். குளிக்கும்போது, பல் தேய்க்கும்போது, கம்பெனியிலிருந்து சாம்பிள் பனியனுக்கு நிறம் கேட்டுக் கூப்பிட்டபோதுகூட. ஒட்டு போட்டதும் அழுகை எங்கேயோ அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. அந்த இடத்தில் வெட்கம் வந்தது. கல்யாண வெட்கமில்லை. நாலு பேர் நடுவில் திருட்டுக் கையைப் பிடித்துவிட்டால் வருமே, அந்த மாதிரி. காலையில் எழுந்ததும் வரும். பால்காரர் மணியடித்தால் வரும். யாருமில்லாத அறையில் தனியாக உட்கார்ந்திருந்தாலும் வரும்.

கோகிலாவுக்கு ஒட்டைப் போட்டுவிட்ட ஆலோசகர் பெனாசிர் அன்றைக்கே சொல்லித்தான் அனுப்பினார்: “இது என்ன உணர்ச்சின்னு கொண்டுபோகும். எதுக்காகன்னு கொண்டுபோகாது. அத நீங்க ரெண்டு பேரும்தான் வாய்விட்டுப் பேசிக்கணும்.”

எல்லாரும் செய்கிற மாதிரி அவர்களும் தலையாட்டிவிட்டு வந்து, பேசாமல் இருந்தார்கள்.

வாயைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டதால் இதையும் சொல்லியாக வேண்டும். மூன்று மாசம் முடிகிற வரைக்கும் வெளியே மூச்சு விடக்கூடாது என்று நவநீதனின் அம்மா பழனியாத்தா போனில் படித்துப் படித்துச் சொன்னாள். நவநீதனுக்கு வாய் நிற்கவில்லை. டெஸ்டில் தெரிந்த அன்று மாலையே டீக்கடையில் சொல்லிவிட்டான். சாயப்பட்டறை சூப்பர்வைசர் என்றால் ரகசியம் காப்பான் என்று நினைத்தால் அது நினைத்தவர் தப்பு. மறுநாளிலிருந்து தின்பண்டம் நிரப்பிய போசிகள் வர ஆரம்பித்தன. ஒரு வீட்டிலிருந்து மாங்காய்த் தொக்கு, ஒரு வீட்டிலிருந்து சந்தவை, ருக்குமணியக்கா வீட்டிலிருந்து பித்தளைப் பிடி போட்ட தூக்குப்போசியில் ஒப்புட்டு. மசக்கைக்காரிக்கு வாய்க்கு ருசியாகக் கொடுத்தால் புண்ணியம் என்பது தெருவின் நம்பிக்கை. கொடுத்தால் அவள் வீட்டுச் சேதி முதலில் நமக்கு வரும் என்பதும்தான்.

நாலாம் மாசக் கடைசியில் எல்லாம் முடிந்துவிட்டது. போசிகள் மட்டும் கோகிலாவின் அடுப்படி அலமாரியில் கழுவிக் கவிழ்த்தபடி நின்றன. வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கும் பழக்கம் அந்தத் தெருவில் இல்லை. எதையாவது போட்டுத்தான் கொடுக்க வேண்டும். எதைப் போடுவது? சர்க்கரை போட்டால் நல்ல சேதி என்று அர்த்தம். பலகாரம் சுட்டுப் போட்டால், பார் அதற்குள் எண்ணெய்ச் சட்டி வைத்துவிட்டாள் என்பார்கள். யோசித்து யோசித்து அவள் ஒன்றும் செய்யவில்லை. ஒருத்தரும் கேட்கவும் இல்லை. கேட்காமலேயே, ‘எங்க போசி இன்னும் அவகிட்டத்தான் இருக்குது’ என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள்.

கடைசியில் ருக்குமணியக்காவே நேரில் வந்துவிட்டாள். மருமகளுக்கு வளைகாப்பு. ஏழு வகைச் சாதம் கட்ட வேண்டும், பாத்திரம் பற்றவில்லை.

“அந்தத் தூக்குப்போசி இருந்தாக் குடு கண்ணு. உன்னையும் வரச் சொல்லோணும்னுதான் எனக்கு ஆசை. இருந்தாலும் சம்பந்தி வீட்டாளுங்க ஒரு மாதிரி. நீ படிச்ச புள்ள, புரிஞ்சுக்குவ.”

“புரியுதுங்க்கா” என்றாள் கோகிலா. வளைகாப்புக்குக் கூப்பிடாததற்கு இவளே மன்னிப்புக் கேட்டுவிடுவாள்போல இருந்தது. போசியை எடுத்தாள். வெறும் போசி. பால்கனித் தொட்டியில் இருந்த கறிவேப்பிலைச் செடியில் ஒரு கொத்து ஒடித்துப் போட்டு நீட்டினாள். ருக்குமணியக்கா மூடியைத் திறந்து பார்த்தாள், மூடினாள். அந்தக் கறிவேப்பிலைக்கு என்ன அர்த்தம் என்று தெரு ரெண்டு நாள் ஆராய்ச்சி செய்தது தனிக்கதை.

வாசல் வரைக்கும் போனவள் திரும்பி நின்று, குரலை இறக்கிக் கேட்டாள். “எப்படித்தான் கண்ணு ஆச்சு?”

இதற்கு டாக்டர் சொன்ன பதில் கோகிலாவுக்கு மனப்பாடமாகத் தெரியும். கருவிலேயே ஏதோ சரியில்லை, யார் செய்ததாலும் அல்ல, யாராலும் தடுத்திருக்கவும் முடியாது. ஆனால் பிடரியிலிருந்து முகத்துக்கு அந்தச் சூடு ஏறிக்கொண்டிருந்தது. இவ்வளவு வெட்கம் வருகிறதென்றால் தான் ஏதோ செய்திருக்கத்தானே வேண்டும்? வெட்கத்துக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. அவள் தேடிப்பிடித்து ஒன்றைக் கொடுத்தாள்.

“நாந்தானுங்க்கா காரணம். வண்டி ஓட்டக்கூடாதுன்னாங்க. நான் கம்பெனிக்கு வண்டீலயே போயிட்டு வந்துட்டு இருந்தேன். பாலத்துக்குப் பக்கத்துல அந்த வேகத்தடை இருக்குதுல்ல...”

முழுதாகச் சொல்லி முடிக்க ருக்குமணியக்கா விடவில்லை. “அய்யோ சாமி, விடு” என்று அவள் கையைப் பிடித்து ஆறுதல் சொல்லிவிட்டு, போசியோடு வேகமாகப் போனாள். அன்று குழாயில் தண்ணீர் வருவதற்குள் தெருவுக்கே தீர்ப்பு கிடைத்துவிட்டது. வேகத்தடை, வண்டி, சொன்ன பேச்சைக் கேட்காத திமிர். அதனால்தான் அவள் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பாவம் அந்த ஆம்பிளை, நடுத்தெருவில் நின்று அழுகிறான். பழனியாத்தாவுக்கும் விசயம் போய்ச் சேர்ந்தது. அவள் போனில் கோகிலாவைத் திட்டவில்லை. “சாப்பிட்டியா சாமி” என்று கேட்டுவிட்டு மகனிடம் கொடுக்கச் சொன்னாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

பாதி மண்டலத்தில் ஒரு தடவை ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்ட வேண்டும். நவநீதனுக்குப் பட்டறையில் வேலை. கோகிலா தனியாகப் போனாள். எப்படி இருக்கிறீர்கள் என்று பெனாசிர் கேட்டதும், வேகத்தடையிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டாள். குற்றத்தை ஒப்புக்கொள்வது இப்போது அவளுக்கு நன்றாகப் பழகியிருந்தது.

பெனாசிர் ரெண்டு ஒட்டுகளும் அனுப்பிய பதிவைத் திரையில் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

“இந்த முகம் சுடறது, தலை குனியறது, நெஞ்சு சுருங்கறது, இதெல்லாம் ஒண்ணா வந்தா நாங்க அவமானம்னு குறிச்சுக்குவோம். உங்களுக்கு அது நிறையத்தான் இருக்கு. ஆனா நல்லாப் பாருங்க. ஒவ்வொரு தடவையும் முதல்ல அவர்கிட்ட ஏறுது. அதுக்கப்புறம்தான் உங்ககிட்ட. ஒரு தடவைகூட உங்ககிட்ட முதல்ல ஏறல.”

“அப்படீன்னா?”

“அப்படீன்னா இந்த அவமானம் உங்களோடது இல்லம்மா. உங்க துக்கம் அவருக்குப் போகுது. அவரோட அவமானம் உங்களுக்கு வருது. மாத்திப் போட்டுக்கிட்ட மாதிரி ஆயிருச்சு.”

“அவருக்கு எதுக்கு மேடம் அவமானம்?”

“அத இது கொண்டுவராதுன்னு அன்னைக்கே சொன்னேனே” என்றார் பெனாசிர்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது கோகிலா அதையே நினைத்துக்கொண்டு வந்தாள். டீக்கடையில் முந்திரிக்கொட்டை மாதிரி சொன்னதற்காக இருக்குமா? அதற்கெல்லாம் வெட்கப்படுகிற ஆள் இல்லையே அவன். இத்தனை நாள் தன்னுடையது என்று நினைத்து வண்டி, வேகத்தடை என்று அவள் சோறு ஊட்டி வளர்த்த ஒன்று, அடுத்தவன் வீட்டுப் பிள்ளையாக இருந்திருக்கிறது. ஊரெல்லாம் சொல்லியும் ஆகிவிட்டது. அதை எப்படித் திருப்பி வாங்குவது?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கறிக்குழம்பு சாப்பிட்டுவிட்டு நவநீதன் கை கழுவிக்கொண்டிருந்தபோது கேட்டாள். சுற்றி வளைக்கவில்லை. பெனாசிர் சொன்னதை அப்படியே சொல்லி, “என்னங்க மாமா பண்ணீங்க?” என்றாள்.

அவன் குழாயை நிறுத்தவில்லை. தண்ணீர் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. அதற்குள் அவள் முகத்தில் சூடு ஏறிவிட்டது. ஏதோ ஒன்று இருக்கிறது என்று அவளுக்கு அப்போதே உறுதியாகிவிட்டது.

“இதக் கழட்டீட்டுச் சொல்லறேன்” என்று பிடரிக்குக் கையைக் கொண்டுபோனான்.

“ஒட்டியே இருக்கட்டும். இருந்தாத்தான் நீங்க சொல்றது நெசமா பொய்யான்னு எனக்குத் தெரியும்.”

அவன் அங்கேயே சுவரோரமாகக் கீழே உட்கார்ந்தான். ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே இருந்தான்.

“ஆஸ்பத்திரீல துணீல சுத்திக் குடுத்தாங்கல்ல. நம்ம தோட்டத்துல, கெணத்து மேட்டுல குழி தோண்டி வெச்சேன்னு உன்கிட்டச் சொன்னேன்.”

“ஆமா.”

“நான் தோட்டத்துக்கே போகல.”

அந்தக் கிணற்று மேட்டை அவள் இத்தனை நாளும் மனசுக்குள் வைத்திருந்தாள். உடம்பு தேறியதும் அங்கே போய்ச் சும்மா கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வர வேண்டும் என்றுகூட நினைத்திருந்தாள்.

“பைய வண்டீல மாட்டீட்டு ஆஸ்பத்திரி கேட்டு வரைக்கும் வந்துட்டேன். நம்ம தெருவத் தாண்டித்தான் தோட்டத்துக்குப் போகோணும். சாயங்கால நேரம். டீக்கடைல அத்தன பேரும் நிப்பாங்க. கை காட்டி நிறுத்துவாங்க. பையில என்னன்னு கேப்பாங்க. நான் என்னன்னு சொல்றது? அத்தன பெருமையடிச்சவன்...” கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னான். “திரும்பிப் போயி, குடுத்த ஆயாகிட்டயே குடுத்துட்டேன். நீங்களே பாத்துக்குங்கன்னுட்டேன்.”

“எங்க வெச்சாங்களாமா?”

“கேக்கல.”

அவமானம் என்றால் அதுவரைக்கும் வந்ததெல்லாம் ஒன்றுமேயில்லை. காது மடல் வரைக்கும் பற்றி எரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கோகிலா அதைத் தாங்கினாள். இது இவனுடையது, என்னுடையது இல்லை என்று தெரிந்தபின் தாங்க முடிந்தது. அது தணிய ஆரம்பித்ததும் உள்ளே வேறொன்று எழுந்து வந்தது. அது அவளுடையதுதான். அதற்கு எந்த ஒட்டும் வேண்டியிருக்கவில்லை.

“டீக்கடைல நின்னு ஊரே பாக்க அழுதீங்களே மாமா. எல்லாரும் உங்களப் பாவம் பாவம்னாங்க. அது என்னோட அழுகை. புள்ளயத்தான் தூக்கீட்டுப் போக முடியல, அழுகறதுக்குக்கூட என்னோடதத்தான் வாங்கி அழுதிருக்கறீங்க.”

அதுதான் உண்மை என்று அவனும் நம்பிக்கொண்டிருந்தான்.

மண்டலம் முடிகிற நாளில் ஆஸ்பத்திரியில் ஒட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அங்கிருந்தே தாராபுரம் பஸ் ஏறி அம்மா வீட்டுக்குப் போய்விடுவதென்று கோகிலா முடிவு செய்தாள். எத்தனை நாளைக்கு என்று சொல்லவில்லை. அவன் கேட்கவும் இல்லை. இடைப்பட்ட நாட்களில் ஒரே வீட்டில் ரெண்டு பேரும் ஒருவர் கண்ணில் ஒருவர் படாமல் நடமாடினார்கள். ஒட்டு மட்டும் தன் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தது. அந்த நாள் காலையில் துணிப்பையை வண்டியில் மாட்டிக்கொண்டு அவள் பின்னால் ஏறி உட்கார்ந்ததை ருக்குமணியக்கா மாடியிலிருந்து பார்த்தாள். ‘பை பெரிய பை’ என்று அவள் சொன்னது மத்தியானத்துக்குள் தெருக்கோடி வரைக்கும் போய்விட்டது.

நவநீதன் உள்ளே வரவில்லை. தன் ஒட்டைக் கழற்றி அவள் கையில் கொடுத்துவிட்டு, வண்டி நிறுத்துமிடத்திலேயே நின்றுகொண்டான்.

பெனாசிர் அவளுடைய ஒட்டை உரித்து எடுத்துத் தட்டில் வைத்தார். பிறகு அவனுடையதை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். நகத்தால் நடுவில் சுரண்டினார். கண்ணாடிபோல மெல்லிசாக ஒரு தாள் உரிந்து வந்தது. அடியில் இருந்த ஜெல் புத்தம் புதுசாகப் பளபளத்தது.

“இத யாரு ஒட்டிவிட்டாங்க?”

“அவரேதானுங்க மேடம். அவருக்கு ஒட்டிவிட நர்ஸ் வந்தப்போ வேண்டாம், வீட்டுல ஒட்டிக்கறேன்னு வாங்கீட்டு வந்தாரு.”

பெனாசிர் தாளைத் தட்டில் போட்டார். “இந்தத் தாள உரிச்சுட்டுத்தான் ஒட்டணும். அவர் உரிக்கவேயில்ல.”

டிவி ரிமோட்டுக்கு உறை மாட்டி, சோபாவுக்கு வந்த பிளாஸ்டிக்கைப் பத்து வருசம் கிழிக்காமல் உட்காருகிற ஊர். சாயத் தண்ணி பட்டால் கெட்டுப்போகும், தாள் இருப்பதே நல்லது என்று அவன் நினைத்திருப்பான். கோகிலாவுக்கு அதில் ஆச்சரியமே இல்லை. அவன் போனிலும் அப்படி ஒரு தாள் இன்னும் இருக்கிறது.

“அதனால வேலை செய்யலீங்களா?”

“பாதி செஞ்சிருக்கு. உடம்பைப் படிக்கறது வெளிச்சத்தால. தாள் இருந்தாலும் படிச்சிரும். அதனால அவர்கிட்டருந்து உங்களுக்கு எல்லாம் வந்திருக்கு. ஆனா உள்ள இறக்கறது ஜெல் வழியா. தாள் இருந்தா ஒண்ணும் இறங்காது.” பெனாசிர் நிமிர்ந்து பார்க்காமல் சொன்னார். “உங்ககிட்டருந்து அவருக்கு ஒரு துளிகூடப் போகலம்மா.”

கோகிலா தட்டில் கிடந்த தாளைத் தொட்டுப் பார்த்தாள்.

“டீக்கடைல அழுதாரே.”

“அது அவரோடது. எல்லாம் அவரோடதுதான்.” பெனாசிர் மேசையில் இல்லாத தூசியைத் துடைத்தார். “அன்னைக்கு நான் அவமானத்த மட்டும் யார்கிட்ட முதல்ல ஏறுதுன்னு பாத்தேன். அழுகையப் பாக்கவேயில்ல. ஆம்பள அழுதா அது பொண்டாட்டிகிட்டருந்துதான் வந்திருக்கும்னு நானே நெனச்சுட்டேன். பாத்திருக்கணும். மன்னிச்சுக்கங்க. வேணும்னா புதுசா ரெண்டு தர்றேன், இன்னொரு மண்டலம்...”

“வேண்டாங்க மேடம்.”

“உங்க அழுகை அடியிலயே கெடந்திருக்கும். அவமானம் மேல ஏறி உக்காந்தா அழுகை வாயத் தொறக்காது. இனிமே வரும். வந்தா அடக்காதீங்க.”

அறையை விட்டு வெளியே வந்து தாழ்வாரத்தில் நாலடி வைப்பதற்குள்ளேயே வந்துவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதாள். பக்கத்தில் டோக்கனோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண் நகர்ந்து இடம் கொடுத்தாள். கோகிலா உட்காரவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாள்.

நவநீதன் வண்டி மேல் சாய்ந்து நின்றிருந்தான். அவளுடைய பையை எங்கே வைப்பதென்று தெரியாதவன்போல மார்போடு அணைத்துப் பிடித்திருந்தான். அவள் வருவதைப் பார்த்ததும் தலையைத் தொங்கப் போட்டான். அவள் பிடரியில் இப்போது ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை. ஆனாலும் அவன் கழுத்திலிருந்து காது வரைக்கும் ஏறுகிற சிவப்பு அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. இதற்கு முன் ஒரு தடவையாவது இப்படி உற்றுப் பார்த்திருக்கிறோமா என்று நினைத்துக்கொண்டாள்.

“பஸ்ஸுக்கு நேரமாச்சு. ஏறு” என்றான்.

தாளைப் பற்றியோ அழுகையைப் பற்றியோ அவள் எதுவும் சொல்லவில்லை. அதற்கெல்லாம் அப்புறம் நேரம் இருந்தது.

“அந்த ஆயாவ மறுக்காப் பாத்தா உங்களுக்கு அடையாளம் தெரியுமா மாமா?”

அவன் நிமிர்ந்தான். “தெரியும். வயசானவங்க. ரெண்டு பக்கமும் மூக்குத்தி போட்டிருப்பாங்க.”

“அப்ப வாங்க. கேப்போம்.”

“என்னன்னு கேக்கறது கோகிலா?”

“எங்க புள்ளய எங்க வெச்சீங்கன்னு.”

அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவள் பின்னால் படியேறினான்.

தாராபுரம் பஸ்ஸில் அன்று கோகிலா ஏறவில்லை. பொழுது சாய்கிற நேரத்தில் அதே வண்டியில், அதே பையோடு, டீக்கடை முன்பாகவே ரெண்டு பேரும் வந்தார்கள். ரெண்டு பேர் காலிலும் செம்மண். கண் ரெண்டு பேருக்கும் வீங்கியிருந்தது. டீக்கடையில் யாரோ கை காட்டியதற்கு நவநீதன் வண்டியை நிறுத்தவில்லை. அன்றைக்கு அவர்கள் எங்கே போனார்கள், யாரைப் பார்த்தார்கள் என்பது அந்தத் தெருவில் யாருக்கும் தெரியாது. கேட்டால் ருக்குமணியக்காவிடம் மூன்று பதில் இருக்கிறது. மூன்றும் தப்பு.